கந்தளாய் வானும் பென்ரித் வாய்க்காலும்

2025ஆம் ஆண்டின் கனோ ஸ்லாலம் உலகச் சாம்பியன்ஷிப் சிட்னியின் மேற்கு ஓரத்திலுள்ள பென்ரித் என்ற இடத்தில் நடந்தது. வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் என்று நம்முடைய சனம் செறிந்து வாழும் புறநகர்களில் இருந்து அங்கே போக அதிக நேரம் எடுக்காது. போய் நிற்பவர் முதலில் ஒரு சீறும் ஆற்றைக் காண்பார். சற்று நின்று பார்த்தால் அது ஆறே அல்ல என்று தெரியும். 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்காகக் கட்டிய கொங்கிறீட் வாய்க்கால் அது. நீளம் முந்நூறு மீற்றருக்குச் சற்று மேல். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே இறக்கம் ஐந்தரை மீற்றர். செக்கனுக்கு 14 கனமீற்றர் தண்ணீரை, அதாவது 14 தொன்னை, பம்பிகள் கீழிருந்து மேலே ஏற்றுகின்றன. ஏற்றிய தண்ணீர் திரும்ப இறங்கி வருகிறது. இவ்வளவுதான் ‘ஆறு’.

பள்ளிக்கூட பௌதிகத்தைக் கொண்டே இதன் வலுவைக் கணக்கிடலாம். 14,000 கிலோ தண்ணீர் ஒவ்வொரு செக்கனும் ஐந்தரை மீற்றர் இறங்கினால் வெளிப்படும் வலு ஏறத்தாழ 750 கிலோவோட். நன்றாகப் பயிற்சி பெற்ற ஒரு துடுப்புக்காரர் ஒன்றரை நிமிடத்துக்குத் தொடர்ந்து கொடுக்கக்கூடியது சில நூறு வோட். எதிரே நிற்கும் தண்ணீர் அவரை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் பலசாலி. அப்படியிருந்தும் போட்டியின் விதி அவரை ஓட்டத்தோடு இறங்கச் சொல்வதோடு நிற்பதில்லை. இடையிடையே எதிர்த்து ஏறவும் சொல்கிறது.

வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டிய கம்பிகளில் இரண்டிரண்டு கோல்களாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு சோடியும் ஒரு வாயில். பச்சை வெள்ளைக் கோல்கள் என்றால் ஓட்டத்தோடு இறங்கிப் போக வேண்டும். சிவப்பு வெள்ளை என்றால் கீழிருந்து மேல்நோக்கி நுழைய வேண்டும். ஒரு பாதையில் 18 முதல் 25 வாயில்கள் இருக்கும். அவற்றில் குறைந்தது ஆறு சிவப்பாக இருக்க வேண்டும். கோலில் தலையோ துடுப்போ பட்டால் இரண்டு செக்கன் தண்டம். வாயிலைத் தவறவிட்டால் ஐம்பது செக்கன். அதோடு கதை முடிந்தது. நல்ல வீரர் முழுப்பாதையையும் நூறு செக்கனுக்குள் முடித்துவிடுவார். போட்டிக்கென்று வாயில்களைத் தொங்கவிட்ட பிறகு அந்தப் பாதையில் ஒத்திகைக்கு இடமில்லை. கரையில் நடந்து, தண்ணீரைப் பார்த்து, கண்ணை மூடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வதோடு சரி.

செக்கனுக்குப் பதினான்கு தொன் தண்ணீரை ஒரு மனிதர் எப்படி எதிர்க்கிறார்? அவர் எதிர்ப்பதேயில்லை. சிவப்பு வாயில் தொங்கும் இடத்தில் தண்ணீரே மேல்நோக்கித்தான் ஓடுகிறது.

நம்பாதவர்கள் மாரிகாலத்தில் மூதூர் வீதியில் கங்கைப்பாலத்தில் நின்று தூண்களுக்குப் பின்னால் பாருங்கள். மகாவலி கலங்கிப் பெருகி வரும்போது ஆற்றுவாழைக் கொத்துகள் மிதந்து வரும். பெரும்பாலானவை பாலத்தைக் கடந்து கொட்டியாரக்குடாவை நோக்கிப் போய்விடும். ஒன்றிரண்டு மட்டும் தூணுக்குக் கீழ்ப்பக்கத்தில் சுழன்று, மெல்ல மெல்லத் தூணை நோக்கித் திரும்பி வரும். ஓடும் நீர் ஒரு தடையில் மோதினால் முன்பக்கம் நீர்மட்டம் சற்று உயர்கிறது, பின்பக்கம் தாழ்கிறது. தாழ்ந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள நீர் வர வேண்டும். பக்கவாட்டு நீரோ விரைந்து கீழே போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே நிரப்பும் நீர் கீழ்ப்பக்கத்திலிருந்து வருகிறது. இதைத்தான் சுழி என்கிறோம். நம் பேச்சில் சுழி என்றால் ஆளை இழுக்கும் ஆபத்து. ஸ்லாலம்காரருக்கோ அது மேலே ஏற்றிவிடும் வாகனம்.

விரைந்து இறங்கும் நீருக்கும் திரும்பி ஏறும் நீருக்கும் நடுவே ஓர் எல்லைக் கோடு உண்டு. சில இடங்களில் அது ஒரு முழ அகலம்கூட இராது. கோட்டின் ஒரு பக்கம் நீர் செக்கனுக்கு மூன்று மீற்றர் கீழ்நோக்கிப் போகும். மறுபக்கம் ஒரு மீற்றர் மேல்நோக்கி வரும். வள்ளத்தின் அணியம் சுழிக்குள் புகுந்து பின்பக்கம் ஓட்டத்தில் இருக்கும் அந்தக் கணத்தில், தண்ணீரே வள்ளத்தைப் பிடித்துத் திருப்பிவிடுகிறது. வீரர் செய்வது துடுப்பை ஊன்றி, திருப்பத்தின் அச்சாணி எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. ஸ்லாலம் வள்ளத்தின் பின்பக்கம் தட்டையாக, மெல்லியதாக இருப்பது இதற்காகத்தான். உடலைப் பின்னால் சாய்த்தால் அது நீருக்குள் அமிழும், அணியம் வானத்தைப் பார்க்கும், வள்ளம் நின்ற இடத்திலேயே சுழலும். தொலைக்காட்சியில் பார்க்க வித்தை போலத் தெரிவது நேரத்தை மிச்சம்பிடிக்கும் வேலை. மூன்றரை மீற்றர் நீளமான பொருளைக் கிடையாகச் சுழற்றுவதைவிட நிமிர்த்திச் சுழற்றுவது எளிது.

சுழியிலிருந்து மீண்டும் ஓட்டத்துக்குள் வெளியேறும்போது சைக்கிளில் வளைவெடுப்பது போலத் திருப்பத்தின் உட்பக்கம் சாய வேண்டும், அதாவது கீழோட்டத்தின் பக்கம். பயத்தில் மறுபக்கம் சாய்ந்தால் விரைந்து வரும் நீர் வள்ளத்தின் மேல்தட்டில் ஏறி அமர்ந்துகொள்ளும். அடுத்த கணம் தலை கீழே.

இதே கணக்கின் சாதுவான வடிவத்தைப் பாலங்கள் வருவதற்கு முன் மகாவலியைக் கடத்திவிட்ட தோணிக்காரர்கள் நாள்தோறும் போட்டார்கள். அக்கரைத் துறையை நேரே குறிவைத்து வலித்தால் தோணி கீழே அடிபட்டுப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அணியத்தை ஓட்டத்துக்கு எதிராகச் சற்றுத் திருப்பி வைத்து வலிப்பார்கள். ஆறு 80 மீற்றர் அகலம், ஓட்டம் செக்கனுக்கு 1.2 மீற்றர், தோணியின் வேகம் 2 மீற்றர் என்று வைப்போம். நேரே வலித்தால் 40 செக்கனில் அக்கரை. ஆனால் இறங்குமிடம் துறைக்கு 48 மீற்றர் கீழே. ஏறத்தாழ 37 பாகை மேல்நோக்கித் திருப்பி வலித்தால் 50 செக்கன் எடுக்கும். துறையிலேயே கால் வைக்கலாம். ஸ்லாலத்தில் வாய்க்காலின் இடப்புற வாயிலிலிருந்து வலப்புற வாயிலுக்குக் குறுக்கே பாய்வதும் இதே முக்கோணம்தான். செக்கனின் நூறிலொரு பங்குவரை எண்ணிச் செய்வார்கள், அவ்வளவே வேறுபாடு.

வள்ளத்தின் வடிவம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கரையோரத்தில் பக்கத்தில் மிதவை கட்டிய ஒடுங்கிய வள்ளங்களைக் காணலாம். மிதவை கவிழாமல் காக்கும். ஆனால் எளிதில் திரும்பவிடாது. ஸ்லாலம் வள்ளம் இதற்கு நேர் எதிர். எந்த நேரமும் கவிழத் தயாராக இருப்பதால்தான் எந்தப் பக்கமும் திரும்பத் தயாராக இருக்கிறது. கார்பன் இழையால் செய்த அது முழுவதுமாக எட்டொன்பது கிலோதான். வீரர் இடுப்பில் கட்டும் பாவாடை போன்ற உறை வள்ளத்தின் வாயை மூடிவிடுவதால் உள்ளே நீர் புகாது. கவிழ்ந்தால் துடுப்பை வீசி நிமிர்ந்துவிடலாம். முழங்காலிட்டு ஒற்றைத் தகட்டுத் துடுப்பால் வலித்தால் கனோ, காலை நீட்டி அமர்ந்து இரட்டைத் தகட்டுத் துடுப்பால் வலித்தால் கயாக். இரண்டிலும் கைதேர்ந்த ஆஸ்திரேலியரான ஜெசிக்கா ஃபொக்ஸ் பயிற்சி எடுப்பது இதே பென்ரித் வாய்க்காலில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு பிரிவிலும் தங்கம் அவருக்கே. அதற்கு முந்திய டோக்கியோ ஒலிம்பிக்கில் அவருடைய கயாக்கின் நுனியை ஒட்டுப்போட்டுச் சரிசெய்தபோது, ஒட்டின் மேல் இழுத்து மாட்டியது ஓர் ஆணுறையை. மெல்லியது, இழுபடுவது, வழவழப்பானது. பொறியியல் என்பது சில நேரம் கைக்கு எட்டியதை எடுப்பதுதான்.

இனி வானுக்கு வருவோம்.

குளம் நிறைந்து ‘வான் பாயும்’ காட்சியைப் பார்க்காதவர் கிழக்கு மாகாணத்தில் இருக்க முடியாது. கந்தளாய்க் குளத்துக்கு மார்கழி மழை வந்துவிட்டால் வான் கதவு திறந்த சேதி ஊரெல்லாம் பரவும். கதவின் கீழிருந்து நீர் கண்ணாடித் தகடுபோல வழவழவென்று சரிந்து இறங்கும். அடியில் திடீரென்று அந்தத் தகடு குலைந்து, வெள்ளை நுரைச் சுவராக எழும்பும். சுவருக்கு அப்பால் நீர் ஆழமாகவும் மெதுவாகவும் போகும். கண்ணாடிக்கும் நுரைக்கும் நடுவே என்ன நடக்கிறது? ஸ்லாலம் வாய்க்கால்களின் இரகசியம் முழுவதும் அந்த ஓரிரு மீற்றருக்குள்தான் இருக்கிறது.

ஆழமற்ற நீரில் ஒரு கல்லைப் போட்டால் அலை வட்டமாகப் பரவும். அந்த அலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழம் ஒரு மீற்றர் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 3.1 மீற்றர், 30 சென்ரிமீற்றர் என்றால் 1.7 மீற்றர். நீர் இந்த அலை வேகத்தைவிட மெதுவாக ஓடினால், கீழே ஒரு தடை இருக்கும் சேதி அலையாக மேலேறி வந்து சேரும். நீர் முன்கூட்டியே சுதாரித்து மெல்ல உயர்ந்துகொள்ளும். அலையைவிட வேகமாக ஓடினால் சேதி மேலே வர வழியில்லை. கீழே தேங்கிய நீர் காத்திருப்பது தெரியாமலே ஓடிவந்து மோதும். மோதிய இடத்தில் துள்ளி எழும்பும். இதை நீர்த்துள்ளல் என்று சொல்லலாம். லியனார்டோ டா வின்சி இதை ஓவியமாக்கினார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரான பிதோனே சோதனைக்கூடத்தில் அளந்தார். ஓட்ட வேகத்தை அலை வேகத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு, கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதித்த ஆங்கிலேயப் பொறியியலாளர் வில்லியம் ஃப்ரூட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். அது ஒன்றுக்குக் கீழே என்றால் அமைதி. மேலே என்றால் எங்கோ ஒரு துள்ளல் காத்திருக்கிறது.

வீட்டிலும் பார்க்கலாம். பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்தால் நீர் விழும் இடத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வட்டம், அதன் விளிம்பில் ஒரு சிறு வரம்பு. அதுவும் துள்ளலே. ஆனால் அங்கே புவியீர்ப்பைவிட நீரின் மேற்பரப்பு இழுவிசைதான் முதன்மைக் காரணம் என்று 2018இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ராஜேஷ் பகத் என்பவர் நிறுவ முயன்றார். அறிவியலாளர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை. தொட்டியில் தினமும் எல்லாரும் பார்க்கிற ஒன்று இன்னும் ஒழுங்காக விளங்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

வானுக்கு ஒரு கணக்குப் போடுவோம். 30 சென்ரிமீற்றர் ஆழமான நீர் செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் சரிந்து வருகிறது. ஃப்ரூட் எண் ஏறத்தாழ 4.7. துள்ளலுக்குப் பிறகு ஆழம் 1.8 மீற்றராகிறது, வேகம் 1.3 மீற்றராகச் சுருங்குகிறது. இடையில் நீரின் ஆற்றலில் கிட்டத்தட்டப் பாதி காணாமற்போய்விட்டது. நுரையாக, இரைச்சலாக, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவு வெப்பமாக. அணை கட்டுபவர்கள் வேண்டுவது இதைத்தான். சரிந்துவரும் நீரை அப்படியே விட்டால் அடிவாரத்தைக் குடைந்து, அணையையே சாய்த்துவிடும். அதனால் வானுக்குக் கீழே கொங்கிறீட் தளமும் முட்டுக் கட்டைகளும் போட்டு, துள்ளல் அந்த இடத்திலேயே நடந்து முடியும்படி செய்கிறார்கள். ஃப்ரூட் எண் 4.5க்கும் 9க்கும் இடையில் இருந்தால் துள்ளல் ஓரிடத்தில் உறுதியாக நிற்கும், ஆற்றலையும் நன்றாகத் தின்னும் என்று பொறியியல் பாடநூல்கள் சொல்கின்றன.

நம் நாட்டில் இந்தக் கவலை பழையது. கந்தளாய்க் குளத்தை 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனோடு சேர்த்துச் சொல்கிறது சிங்கள வரலாற்று மரபு. கோணேசர் கல்வெட்டு குளக்கோட்டன் என்கிறது. கட்டியவர் எவராயினும், பெரிய குளத்தில் அடைத்து வைத்த நீரை வெளியே விடுவதுதான் அடைப்பதைவிடக் கடினம் என்பதை அக்காலத்துப் பொறியியலாளர் அறிந்திருந்தனர். அணைக்கட்டின் உட்சரிவில் கல்லால் கட்டிய சதுரக் கிணறு ஒன்றை அமைத்து, அதன் வழியாக நீரை அடக்கிக் கீழ்க்கால்வாய்க்குள் விட்டார்கள். ‘பிசோகொட்டுவ’ எனப்படும் இந்த அமைப்பைக் கண்டு வியந்த ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், இக்கால அடைப்பான் கிணறுகளின் முன்னோடி இது என்று எழுதினார். நீர் தன் போக்கில் வழி தேடிக்கொண்டால் என்னவாகும் என்பதையும் கந்தளாய்தான் காட்டியது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஸ்லாலம் வாய்க்கால் கட்டுபவர் இதே சமன்பாட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். அவரும் 750 கிலோவோட்டை முந்நூறு மீற்றருக்குள் தீர்த்தாக வேண்டும். ஆனால் ஒரே இடத்தில் கொன்றுவிடக் கூடாது. தவணை முறையில் செலவழிக்க வேண்டும். இங்கே ஒரு தடை, அங்கே ஓர் ஒடுக்கம், நடுவே ஒரு குழி. ஃப்ரூட் எண் ஒன்றைச் சற்றுத் தாண்டினால் நுரையில்லாமல் வழவழப்பான நிலையலைகள் வரிசையாக எழும். இரண்டை ஒட்டிப் போனால் முகடு உடைந்து சிறு துள்ளல். வீரர் நிலையலையின் மேல்முகத்தில் வள்ளத்தை வைத்தால் துடுப்பே போடாமல் ஓரிடத்தில் நிற்கலாம், குறுக்கே வழுக்கிப் போகலாம். இக்கால வாய்க்கால்களில் தடைகள் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் கட்டைகள். கட்டையை ஒரு முழம் நகர்த்தினால் சுழி இடம் மாறும். புதிய ஆறு பிறக்கும்.

தண்ணீரை இப்படி நகலெடுக்க முடியும் என்பதைப் பனிப்போர்க் காலத்திலேயே ஒரு நாடு காட்டியது. கனோ ஸ்லாலம் முதன்முதலில் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1972இல், மேற்கு ஜெர்மனியின் அவுக்ஸ்புர்க் நகரில் கட்டிய வாய்க்காலில். அதைப் பார்த்துக் கிழக்கு ஜெர்மனி தன் சுவிக்காவ் நகரில் அதேபோல் ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதில் வீரர்களைப் பழக்கியது. நான்கு போட்டி, நான்கு தங்கமும் அவர்களுக்கே. வீட்டுக்காரர்கள் தம் சொந்த வாய்க்காலில் தோற்றார்கள். பிறகு 20 ஆண்டுகள் ஒலிம்பிக் இந்த விளையாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1992 பார்சிலோனாவில்தான் மறுபடி வந்தது.

திருகோணமலையில் இப்படி ஒரு போட்டி நடக்குமா என்று யாரேனும் கேட்டால் நேரான பதில், நடக்காது. இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, வள்ளத்துக்கும் பஞ்சமில்லை. இல்லாதது இறக்கம். உட்துறைமுகம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. பெரிய கப்பல்கள் அங்கே ஒதுங்குவதற்குக் காரணமே நீர் அசையாமல் கிடப்பதுதான். வற்றுப்பெருக்கு ஏற்ற இறக்கமோ ஒரு மீற்றரைத் தொடாது. மகாவலி? 335 கிலோமீற்றர் நீளமான ஆறு தன் இறக்கத்தை எல்லாம் மலைநாட்டிலேயே செலவழித்துவிடுகிறது. அதிலும் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று அணைகள் பங்கு கேட்டுக்கொள்கின்றன. மினிப்பேயைத் தாண்டிச் சமவெளிக்கு வந்த மகாவலி ஓய்வூதியக்காரர் நடைதான்; வெருகல் கிளையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. பென்ரித் வாய்க்காலின் சாய்வை மகாவலியின் முழு நீளத்துக்கும் கொடுக்க வேண்டுமானால் ஆறு ஏறத்தாழ 5,700 மீற்றர் உயரத்தில் பிறந்திருக்க வேண்டும். நாட்டின் ஆக உயர்ந்த மலையான பீதுருதாலகால 2,524 மீற்றர்தான்.

நுரைத்துப் பாயும் வெண்ணீர் வேண்டுமென்றால் களனி ஆற்றின் கிதுல்கலைக்குப் போக வேண்டும். ரப்பர்ப் படகில் இறங்கும் உல்லாசப் பயணிகளால் அந்த ஊர் பிழைக்கிறது. மேலே ப்ரோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் வந்தபோது தண்ணீர் நின்றுவிடுமோ என்று அவர்கள் பதறியதில் நியாயம் உண்டு. பன்னாட்டுப் போட்டியைப் பார்க்க விரும்பும் தமிழருக்கு அருகிலுள்ள இடம் கேரளம். கோழிக்கோடு மாவட்டத்தின் கோடஞ்சேரியில் சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் 2013 முதல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற பெயரில், தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில், வெண்ணீர்க் கயாக் போட்டிகள் நடந்து வருகின்றன. பல நாட்டு வீரர்கள் வருகிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் மகேஷ்வரில் நர்மதை பாறைகளுக்கிடையே பிரிந்து பாயும் இடத்தில் 2023இல் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளின் ஸ்லாலம் போட்டி நடந்தது.

ஆனாலும் துறைமுகத்துப் பிள்ளைகள் மனம் தளர வேண்டியதில்லை. ஸ்லாலம் பிறந்ததே அசையாத நீரில். 1930களின் தொடக்கத்தில் பனிச்சறுக்கு ஸ்லாலத்தைப் பார்த்த சுவிட்சர்லாந்துக்காரர்கள் அதைத் தண்ணீரில் செய்து பார்த்த முதல் இடம் ஹால்வில் என்ற ஏரி. முதல் உலகச் சாம்பியன்ஷிப்பும் அந்நாட்டின் ஜெனீவாவில், 1949இல் நடந்தது. அன்றைய வள்ளங்கள் ரப்பர்த் துணி போர்த்திய மடிப்புக் கயாக்குகள். இடையில் வந்த உலகப் போரில் அதே வகைப் படகுகள் நம் பக்கமும் வந்தன. 1944இல் ஊர்காவற்றுறைக் கடலில் ஹம்மன்ஹீல் கோட்டையை ஒட்டிய முகாமில் பிரித்தானியச் சிறுபடையினர் அவற்றில் பழகினார்கள். திருகோணமலைத் தளத்து நீர்மூழ்கிகள் அத்தகைய அணிகளைச் சுமாத்திரா கரைக்குக் கொண்டுபோய் இறக்கின. இன்றும் உலகெங்கும் ஸ்லாலம் பழகுபவர்கள் முதல் பாடத்தை அசையாத நீரில்தான் படிக்கிறார்கள். கயிற்றில் நான்கு சோடிக் கோல்களைத் தொங்கவிட்டால் போதும். உட்துறைமுகத்தின் ஏதேனும் ஒரு மூலையில் அதற்கு ஆகும் செலவு, ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

மேற்பரப்பு அமைதியாகக் கிடக்கிறதே என்று இந்தக் குடாவைக் குறைத்தும் எண்ண வேண்டாம். கொட்டியாரக்குடாவின் வாயிலிருந்தே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு தொடங்கி மூவாயிரம் மீற்றருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு அருகே நீலத் திமிங்கிலங்களைக் காண முடிவதற்கு இந்த ஆழமும் ஒரு காரணம். இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகளில் எப்போதாவது சேறும் மணலும் கலந்த கனத்த நீர் கடலுக்கடியிலேயே ஆறுபோல இறங்கும். சுற்றியுள்ள கடல்நீரைவிட அது சற்றே கனமானது. ஆதலால் புவியீர்ப்பின் பிடி அதில் தளர்வு, அலைகள் அங்கே மிக மெதுவாக நகரும். அதனால் மெதுவாக ஓடும் கலங்கல் நீரும் எளிதில் அலை வேகத்தை முந்திவிடும். கடலடியிலும் துள்ளல் நிகழும். கருங்கடலின் அடியில் ஓடும் அத்தகைய ஓர் உப்பு ஆற்றில் தானியங்கி நீர்மூழ்கியை விட்டு அந்தத் துள்ளலை நேரடியாக அளந்த ஆய்வு 2013இல் வெளியானது. கந்தளாய் வானுக்குக் கீழே நாம் காண்பதன் பெரியண்ணன் அது; நுரையும் கிடையாது, இரைச்சலும் கிடையாது.

கடைசியாக, வானுக்குக் கீழே குளிக்கிறவர்களிடம் ஒரு சொல்.

துள்ளலுக்குக் கீழே தேங்கியுள்ள நீர் தேவைக்கு மேல் ஆழமாக இருந்தால் துள்ளல் அமிழ்ந்துபோகும். விழும் நீர் அடியோடு ஓடிவிட, மேற்பரப்பு நீர் அணைக்கட்டை நோக்கித் திரும்பி உருளும். பார்வைக்கு நுரை குறைவு, அமைதி அதிகம். அகப்பட்ட ஆளை அந்த உருளை விழுநீருக்கடியில் அமிழ்த்தும், சற்றுத் தள்ளி மேலே விடும், மறுபடி இழுத்துவரும். நுரைத்த இடங்களில் நீருக்குள் பாதிவரை காற்று கலந்திருக்கும் என்பதால் மிதக்க வைக்கும் விசையும் குறைகிறது. நீச்சல் தெரிந்தவரும் தாழ்கிறார். ஸ்லாலம் வாய்க்காலில் இப்படி ஓர் உருளை அமைந்தால் அதன் ஒரு பக்கத்தையாவது திறந்து வைப்பார்கள். வீரர் பக்கவாட்டில் ஊர்ந்து வெளியே வரலாம். நம்முடைய அணைக்கட்டுகளும் வான்களும் சுவரிலிருந்து சுவர்வரை ஒரே நேர்கோடு. வெளியே வர ஓரம் இல்லை.

2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளை இழந்த மாவட்டம் இது. அங்கே ஓட்டமும் இல்லை, துள்ளலும் இல்லை. அசையாத நீரே போதுமாக இருந்தது. வான் பாயும் நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாலத்தில் நின்று கண்ணாடித் தகட்டையும் நுரைச் சுவரையும் காட்டுங்கள். கீழே இறங்க விடாதீர்கள். யாராவது அகப்பட்டால் பின்னால் குதிக்காமல் கரையில் நின்று கயிற்றையோ மூடிய வெற்றுக் கானையோ எறியுங்கள். ஒவ்வொரு வானுக்குப் பக்கத்திலும் எறிகயிறு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவது பிரதேச சபையால் முடியாத வேலை அல்ல. அடுத்த மாரிக்கு முன் கேட்டு வாங்குங்கள்.